மூன்று சுழி ண அடைபடாமல் விழ: தமிழ் முத்திரைக்கு எழுத்தும் ரப்பரும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி, சகோதரி. உடன்குடிப் பக்கம் வீட்டிலேயே கருப்பட்டி காய்ச்சி, பிரவுன் கவரிலும் பருத்திப் பையிலும் போட்டு விற்கிறீர்கள். 5 செ.மீ. வட்டத்துக்குள் கடைப் பெயர், ஊர், செல் நம்பர், உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாவற்றையும் வைத்து ஒரு ஸ்டாம்ப் செய்து வாங்கினீர்கள். பேட் வேண்டாம், தானே மை விடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கவரில் குத்திப் பார்த்தால் நடுவில் பெரிதாக இருக்கும் பெயர் மட்டும் தெரிகிறது, சுற்றி வரும் எழுத்தெல்லாம் மைத் திட்டாக விழுகிறது. நல்ல தமிழ் ஃபாண்ட் எது, ரப்பர் நல்லதா பாலிமர் நல்லதா என்று கேட்கிறீர்கள். பாட்டி காலத்து எழுத்து மாதிரி இருந்தால் பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஃபாண்டை மாற்றினால் மட்டும் இது சரியாகாது. எதன்மேல் குத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து மை. மையைப் பொறுத்து ஸ்டாம்பின் பொருள். அந்தப் பொருள் எவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்பதைப் பொறுத்து எழுத்தின் அளவு. அழகான ஃபாண்ட் எது என்பது அதற்கும் பிறகுதான். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியிலிருந்து தொடங்குவார்கள், நீங்களும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறீர்கள். நான் ஈய எழுத்துக் கோர்த்து, அதைப் பிளாஸ்டர் அச்சில் பதித்து, பச்சை ரப்பரைச் சூட்டு அழுத்தத்தில் வேகவைத்து ஸ்டாம்ப் எடுத்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். பிறகு பாலிமர், ப்ரீ-இங்க், இப்போது லேசர் என்று எல்லாமே கையால் செய்து பார்த்தாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்ப்போம். பேட் இல்லாமல் தானே மை விடுவது ப்ரீ-இங்க் ஸ்டாம்ப். அதன் முகம் ரப்பர் கிடையாது, நுண்துளைகள் நிறைந்த நுரைத் தாள். எழுத்தை ஃபிலிமில் எடுத்து அதன்மேல் வைத்து, கேமரா ஃப்ளாஷ் போலப் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மேல்பரப்பு உருகி, துளைகள் மூடிக்கொள்ளும். கறுப்பு எழுத்து மறைத்த இடத்தில் துளைகள் திறந்தே இருக்கும், அந்த வழியாக மை கசியும். வழவழப்பான வெள்ளைத் தாளில் மேலாளர் கையெழுத்துக்குக் கீழே குத்த இது அருமையான சாமான். ஆனால் மேடு பள்ளம் இதில் மிகக் குறைவு, மையோ எண்ணெய்ப் பசை உள்ளது, தாள் உறிஞ்சினால்தான் காயும். பிரவுன் கவர் நார் தெரியும் தாள். மையை இழுத்துப் பக்கவாட்டில் ஓடவிடும். அதில் இப்படிப்பட்ட முகத்தை வைத்து 7, 8 பாயிண்ட் என்ற சிறிய அளவில் தமிழ் எழுதினால் திட்டாகத்தான் விழும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்து கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். கவரில் குத்தப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து தமிழ் எழுத்தின் சங்கதி. ஆங்கில ஓ-வின் நடுவே இருக்கும் வெற்றிடம் பெரியது, ஸ்டாம்பில் லேசில் அடையாது. தமிழில் சுழி இருக்கிறதே, அதுதான் சோதனை. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் எண்ணிப் படித்தோம். சுழி அடைபட்டால் எண்ணவே முடியாது, இரண்டும் ஒரே கறுப்பு உருண்டை ஆகிவிடும். ஞ, இ, ஐ, ஓ, ழு, ணு, னு, அப்புறம் ஐகாரத்தின் இணைக்கொம்பு, எல்லாம் இதே ரகம். மேலே புள்ளி வேறு. மை கூடினால் அது கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ரப்பர் தேய்ந்தால் முதலில் காணாமல் போவதும் அதுதான். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஸ்டாம்ப் வைத்திருக்கிறேன். ஒரு வெண்ணெய்க் கடைக்கு 9 பாயிண்ட் போல்டில் செய்து கொடுத்தது. குத்திக் காட்டிய அன்று பளிச்சென்றுதான் இருந்தது. மூன்று வாரத்தில் அவர் திரும்பி வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: 'ண்ணெ' என்ற இடத்தில் சுழிகள் ஐந்தாறும் காய்ந்த மையால் நிரம்பி, மேலே தாளின் தூசு படிந்து, ரப்பரின் மேடும் பள்ளமும் ஒரே மட்டமாகிவிட்டன. பழைய பல் துலக்கும் பிரஷால் சோப்பு நீர் விட்டுத் தேய்த்தால் திறந்தது, அடுத்த வாரம் மறுபடி அடைத்தது. அதை 12 பாயிண்டில், போல்டை விட்டுவிட்டு நடுத்தரக் கனத்தில், இரண்டு வரியாக்கித் திரும்பச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து யார் ஃபாண்ட் மாதிரியோடு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ண-வின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையைத்தான். எழுத்தின் கறுப்பு எப்படி வளைகிறது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

இது இன்று வந்த தொல்லை கிடையாது. தரங்கம்பாடியில் 1713-ல் தமிழ் அச்சு தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது என்று இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சுழி அடையாமல் எவ்வளவு சிறிதாக்கலாம் என்ற அதே கணக்கை முந்நூறு ஆண்டு கழித்து நானும் நீங்களும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, அளவு. ஒரு பாயிண்ட் 0.35 மி.மீ., 12 பாயிண்ட் என்றால் எழுத்தின் மொத்தக் கட்டம் 4.2 மி.மீ. உயரம். வழவழத் தாளில், லேசரால் வெட்டிய ரப்பருக்கு நான் தமிழை 9 பாயிண்டுக்குக் கீழே இறக்குவதில்லை. பிரவுன் கவருக்கு 12. துணிக்கு 20-க்கு மேல். எண்களுக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் குறைக்கலாம். இவை என் கைக்கணக்கு, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல கை உள்ளவர் 8 பாயிண்டிலும் சுத்தமாக எடுப்பார், ஆனால் குத்துகிறவர் கையும் அதேபோல் இருக்க வேண்டும். உங்கள் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஓரக் கோடு போக, எழுத்து ஓடும் வட்டத்தின் விட்டம் 4 செ.மீ. என்றால் சுற்றளவு பன்னிரண்டரை செ.மீ., மேல் அரைவட்டம் 6 செ.மீ. சொச்சம். 'உடன்குடி பனங்கருப்பட்டி' என்பதில் பதினான்கு எழுத்தும் ஓர் இடைவெளியும். 12 பாயிண்டில் எழுத்துக்கு ஏறத்தாழ 4 மி.மீ. என்று வைத்தால் அதுவே 6 செ.மீ. பிடித்துவிடும். கீழ் அரைவட்டத்தில் செல் நம்பர் வரும். 14 இலக்க உரிம எண்ணுக்கு இடமே இல்லை. இடம் இல்லாத இடத்தில் திணித்ததால்தான் எழுத்து 7 பாயிண்டுக்கு இறங்கியிருக்கிறது.

ஆகவே வட்டத்தில் பனைமரப் படமும் கடைப் பெயரும் ஊரும் மட்டும் இருக்கட்டும். முகவரியும் செல் நம்பரும் தனியாக ஒரு நீள்சதுர ஸ்டாம்பில் வரட்டும். தமிழ் நேர்வரியில் சுகமாக உட்காரும். கொம்பும் காலும் உள்ள மொழி வளைவில் ஓடும்போது, கே, கை, கொ போன்றவற்றில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் சாய்ந்து பிரிந்ததுபோல் தெரியும். தயாரித்த தேதி, தொகுதி எண்ணுக்கு வளையம் சுழற்றும் தேதி ஸ்டாம்ப் கடையில் ஆயத்தமாகவே கிடைக்கும். உரிம எண், எடை, விலை முதலிய சட்டப்படி வேண்டிய விவரங்களை அச்சடித்த ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள் என்பதே என் யோசனை. ஓர் எண் மங்கினாலும் கேள்வி வரும் இடத்தில் கைமுத்திரையை நம்ப வேண்டாம்.

இப்போது ஃபாண்ட். ஸ்டாம்பில் எழுத்து எப்போதும் திரையில் இருப்பதைவிடக் கனத்து விழும். மை பக்கவாட்டில் பரவும், ரப்பரும் அழுத்தத்தில் விரியும். அதனால் திரையில் எந்தக் கனம் பிடிக்கிறதோ அதற்கு ஒரு படி மெலிந்ததை எடுங்கள். கோடு எங்கும் ஒரே தடிமனாக ஓடும் எழுத்துதான் தாங்கும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும் புத்தக எழுத்தில் மெல்லிய கோடு விழாது, தடித்த கோடு அப்பும். டீரோ தமிழ் மாதிரியான எழுத்து புத்தகப் பக்கத்தில் எவ்வளவு அழகோ, 10 பாயிண்ட் ஸ்டாம்பில் அவ்வளவு தொல்லை. இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகிய மூன்றிலும் ரெகுலர் அல்லது மீடியம் கனம் போதும், சுழிகள் நன்றாகத் திறந்திருக்கும். இடம் நெருக்கடியாக இருந்தால் அனேக் தமிழ் எடுங்கள், கனத்தோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அதற்காக மிகவும் ஒடுக்கினால் சுழியும் ஒடுங்கும் என்பது நினைவிருக்கட்டும். பாலூ தம்பி உருண்டு திரண்ட எழுத்து, நடுவில் பெரிதாக வரும் கடைப் பெயருக்குப் பொருந்தும், முகவரிக்கு ஆகாது. இவை எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை, வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடை இல்லை. இன்னொன்று: சில ஃபாண்ட்களில் மெய்யெழுத்தின் புள்ளி உள்ளே ஓட்டை உள்ள சிறு வளையமாக இருக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள், அந்த ஓட்டை முதல் நாளே அடைந்துவிடும்.

பாட்டி காலத்து எழுத்து என்று நீங்கள் சொல்வது 'பனை'யில் வரும் னை என்று நினைக்கிறேன். துதிக்கை தூக்கினாற்போல் ஐகாரம் எழுத்தோடு ஒட்டி வருமே, அதுதான். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் அந்த வடிவங்கள் பாடநூலிலிருந்து போயின. இன்றைய ஃபாண்ட்களில் பெரும்பாலும் அவை இல்லை. ஒரு நல்ல பெயிண்டரையோ ஓவியரையோ கொண்டு 'பனை' என்ற சொல்லை மட்டும் பெரிதாக வரையச் சொல்லி, அதைப் படமாக வட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அந்த எழுத்தின்மேல் ஆசை உண்டு. தட்டியில் துதிக்கை னை-யைப் பார்த்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். ஆனால் இளையவர்களில் சிலருக்கு அது படிக்க வராது, ஆகவே ஊர்ப் பெயரும் முகவரியும் இன்றைய வடிவத்திலேயே இருக்கட்டும்.

டிசைன் முடிந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டிசைன் மென்பொருளில் எழுத்தைச் சுற்றி 0.3 மி.மீ. கறுப்பு ஓரக்கோடு கொடுங்கள். பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். பிரவுன் கவரில் மை பரவுவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதை நூற்றுக்கு நூறு அளவில் பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். ண-வும் ன-வும் அப்போதும் பிரிந்து தெரிந்தால் அந்த ஃபாண்ட், அந்த அளவு சரி. சோதனைக்குப் பிறகு ஓரக்கோட்டை எடுத்துவிட மறக்க வேண்டாம். கடைக்கு அனுப்பும்போது எழுத்தாக அனுப்பாமல் வளைகோடாக, எங்கள் பேச்சில் 'கர்வ்ஸ்' ஆக மாற்றி அனுப்புங்கள். பல கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துகளும் பழைய மென்பொருளும்தான் இருக்கின்றன. இன்றைய யூனிகோடு முறை எழுத்தை அங்கே போய்த் திறந்தால் கொம்பு இடம் மாறி உட்காரும், அதைக் கவனிக்காமல் வெட்டியும் விடுவார்கள்.

ரப்பரா பாலிமரா என்ற கேள்விக்கு வருகிறேன். பாலிமர் என்பது புற ஊதா ஒளி பட்டால் கெட்டியாகும் பிசின். நெகடிவ் வழியாக ஒளி பாய்ச்சி, கெட்டியாகாததைக் கழுவி எடுப்பார்கள். ஒளி குறைந்தால் புள்ளி கழுவோடு போய்விடும், கூடினால் சுழிக்குள் ஒளி சிதறி அங்கேயும் பிசின் இறுகும். இந்த இரண்டுக்கும் நடுவே பிடிக்கத் தெரிந்தவர் செய்தால் தமிழ் நன்றாகவே வரும், கண்ணாடி போல் இருப்பதால் எங்கே குத்துகிறோம் என்பதும் தெரியும். ஆனால் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், வேகமாகக் காயும் கரைப்பான் மைகள் அதை உப்ப வைக்கும். லேசரில் 2.3 மி.மீ. ரப்பர்த் தாளில் எழுத்தைச் சுற்றி எரித்து எடுக்கிறோம். எழுத்தின் அடிவாரத்தை மலைச்சரிவு போல அகலமாக விடலாம், அதனால் புள்ளியும் மெல்லிய கோடும் அசையாமல் நிற்கும். இந்தச் சரிவுக்காகவே நெருக்கமான தமிழுக்கு நான் லேசர் ரப்பரைச் சொல்வேன். பாலிமரில் ஊறிய ஒருவர் இதற்கு நேர்மாறாகச் சொன்னால் அவரோடு சண்டை போட மாட்டேன், அவர் கையில் அதுவும் நன்றாக வந்திருக்கும். பிடி எதுவானாலும், ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே 3 மி.மீ. நுரை மெத்தை வைக்கச் சொல்லுங்கள். கவரின் மடிப்புமீது குத்தும்போது அதுதான் கைகொடுக்கும்.

மையில்தான் உங்கள் சரக்குக்கே உரிய சிக்கல் இருக்கிறது. கருப்பட்டி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். கடற்கரை ஊரில், மழைக்காலத்தில் கவரே நமுத்துப்போகும். சாதாரண ஊதா ஸ்டாம்ப் மை நீரில் கரையும் சாயம், அந்த ஈரத்தில் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் போலப் பரவும். இப்போது சரியாக இருக்கும் முத்திரை மார்கழிக்குள் கலங்கிவிடும். அதனால் நிறமித் துகள் கலந்த கறுப்பு அல்லது காவி மை கேளுங்கள், பிக்மென்ட் இங்க் என்று கேட்டால் தெரியும். முக்கியமாக, கருப்பட்டியைத் தொடும் தாளில் குத்தவே வேண்டாம். உணவுப் பொட்டலத்தில் அச்சிடும் மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்று 2018-ன் உணவுப் பொட்டல விதிமுறை சொல்கிறது. நான் விற்கும் பேட் மைப் புட்டி எதிலும் அந்தக் குறிப்பு கிடையாது. உள்ளே உணவுத் தரக் கவர் ஒன்றில் சரக்கைக் கட்டி, வெளிக்கவரில் மட்டும் குத்துங்கள். அதையும் சரக்குப் போடுவதற்கு முன்பே, தட்டையாக வைத்துக் குத்தி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

துணிப் பைக்குத் தனி ஸ்டாம்ப் வேண்டும். நெசவு இழையின் மேடு பள்ளத்தில் சிறிய எழுத்து நிற்காது. பனைமரமும் ஒரே சொல்லும் போதும், ரப்பரில் பள்ளம் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஒரு முறை அலசிக் காயவைத்துவிட்டுத் துணி மையால் குத்தி, காய்ந்ததும் உள்பக்கமாக இஸ்திரி போடுங்கள். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றில் துணிக்குக் குறி போட்டார்கள், எத்தனை வெளுப்புக்கும் போகாது. அதை நீங்கள் முயற்சி செய்துவிட வேண்டாம், பட்ட இடம் கொப்பளிக்கும்.

குத்தும் விதத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பை மல்லாக்கப் பிடித்து, பேடை அதன்மேல் நாலைந்து முறை மெல்லத் தட்டுங்கள். மேட்டில் மட்டும் மை ஏறும், சுழிக்குள் இறங்காது. கவருக்கு அடியில் ஒரு பழைய நோட்டு வைத்து, ஆட்டாமல் நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள். வேலை முடிந்ததும் சோப்பு நீரும் பழைய பிரஷும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் ரப்பரில் படக் கூடாது, உப்பிவிடும்.

இந்த முறை ஆர்டர் கொடுக்கும்போது முழு ஸ்டாம்பையும் ஒரேயடியாகச் செய்யச் சொல்லாதீர்கள். 'பனங்கருப்பட்டி' என்ற ஒரு சொல்லை 10, 12, 14 பாயிண்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு ரப்பர்த் துண்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள், துண்டு ரப்பரில் பலர் செய்து கொடுப்பார்கள். உங்கள் வெற்றுக் கவர் நாலைந்தைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே அந்த மையில் குத்திப் பாருங்கள். ஒரு கவரை வீட்டுக்கு எடுத்து வந்து கருப்பட்டி போட்டு இரண்டு நாள் அடுக்களையில் வைத்துவிட்டு, ன-வின் சுழியும் ங்-கின் புள்ளியும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்தபின் மீதியை வெட்டச் சொல்லலாம்.